தீமிதிக்கு வந்த ப்ளோயர்

விலை குறைவான பவர் டூல்ஸ் வாங்கலாமா, இல்லை பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல கம்பெனி மெஷினே வாங்கிவிடலாமா என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். நான் விற்பது செல்போன் கவரும் சார்ஜரும். கூடவே போன் ரிப்பேர் பார்ப்பேன். மெஷின் விஷயத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தியாகதுருகத்திலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் இதில் நான்தான் நிபுணர் என்று பெயர் ஆகிவிட்டது. சும்மா வந்த பெயரா? ஓர் ஊரே கூடி நின்று, கண்ணால் பார்த்து, "கோவிந்தா" போட்டுக் கொடுத்த பெயர்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளைகளுக்கு வழக்கமாக வருகிற வியாதி எனக்கும் வந்திருந்தது. மாமனார் வீட்டில் என்னையும் ஒரு ஆளாக மதிக்க வேண்டும். மாமனார் கரும்பு விவசாயி. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு கிராமம் (பெயரைச் சொல்லக் கூடாது என்று மனைவி உத்தரவு). அந்த வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு வேலை தெரியும். கரும்பு வெட்டுவார்கள், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடுவார்கள், கிணற்று மோட்டாரைக் கழற்றி மாட்டுவார்கள். எனக்குத் தெரிந்தது டிஸ்ப்ளே மாற்றுவது. ஆக, போன் உடைந்தால்தான் அந்த வீட்டில் எனக்கு வேலை. அவர்களோ பட்டன் போன் வைத்திருந்தார்கள். அது கிணற்றில் விழுந்தாலும் உடையாது.

சரி, மெஷின் வாங்குவோம், நாமும் வேலைக்காரன் என்று காட்டுவோம் என்று கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினேன். அங்கே சலீம் பாய் என்று ஒருவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பாய் இரண்டு சமாசாரங்களை மேஜைமேல் எடுத்து வைத்தார். ஒன்று, பெயர் பெற்ற கம்பெனியின் ட்ரில்லிங் மெஷின். தனியாக, கறுப்பாக, கல்யாணத்துக்கு வந்த பெரிய அதிகாரி மாதிரி பேசாமல் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று ஒரு சிவப்பு சூட்கேஸ். திறந்தால் உள்ளே ட்ரில்லிங் மெஷின், கிரைண்டர், காற்று ஊதுகிற ப்ளோயர், டேப்பு, கண்ணாடி, கைநிறைய பிட்டுகள். விலை அதைவிடக் குறைவு.

"பாய், அது ஒன்னு வாங்கற துட்டுல இது மூணு வருதே!"

"வரும்பா. மூணும் வரும். அப்பால நீயும் வருவ."

"நான் எதுக்கு வரணும்?"

"திருப்பிக் குடுக்கத்தான். நான் வாங்கிக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், அப்பால மூஞ்ச தூக்கிக்கினு நிக்காத."

இந்த இடத்தில் நான் பாய்க்கு ஒரு பாடம் நடத்தினேன். நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. செல்போன் துறையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாம் ஒரே பேக்டரியில்தான் செய்கிறார்கள், ஸ்டிக்கர்தான் வேறு, ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்கிறவன் ஏமாளி என்று விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பிடியா! எங்க அத்தா காலத்துலேர்ந்து கடை வெச்சிக்கினு இருக்கோம். இது தெரியாம போச்சே" என்று சொல்லி, சூட்கேஸைத் துடைத்து என் கையில் கொடுத்தார். அந்தக் குரலில் இருந்த மரியாதையை நான் உண்மை என்று நம்பினேன்.

சூட்கேஸோடு மாமனார் வீட்டில் இறங்கியபோது கோமதி வாசலில் நின்று பார்த்தாள் (கோமதி என் மனைவி. அப்போது என் மேல் அவளுக்குக் கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் இருந்தது).

"இன்னாங்க இது, துணிப்பெட்டியா? எங்க வூட்லயே தங்கப் போறீங்களா?"

"பவர் டூல்ஸ்" என்றேன். தமிழில் சொன்னால் கெத்து குறைந்துவிடும் என்று நினைப்பு.

முதல் வேலை, எங்கள் கல்யாண போட்டோவை ஹாலில் மாட்டுவது. மாமனார் வீட்டுச் சுவர் அந்தக் காலத்துச் சுவர். நான் ட்ரில்லை வைத்து அழுத்தினேன். மெஷின் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பிட்டு ஒரு பக்கமாக வளைந்து, சிவந்து, சுவரைச் சுற்றிச் சுற்றித் தோண்டியது. கடைசியில் பார்த்தால் ஆணி அளவு ஓட்டை போட வேண்டிய இடத்தில் என் கை போகிற அளவு பொந்து. மாமனார் வந்து எட்டிப் பார்த்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"பரவால்ல மாப்ள. ஆணி அடிச்சிருந்தா இவ்ளோ பெருசா வந்திருக்காது" என்றார்.

அந்தப் பொந்தை மறைக்க அந்தப் போட்டோ போதவில்லை. பெரிய சைஸில் மறுபடி பிரேம் போட்டோம். வருகிறவர்கள் எல்லாம், "பொண்ணு மேல எவ்ளோ ஆசை பாரு, ஆள் உயரத்துக்கு போட்டோ மாட்டியிருக்காங்க" என்று பாராட்டினார்கள். கிரைண்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அது சுற்றும். எதையும் அறுக்காது, சுற்றும்.

ஆனால் ப்ளோயர் நன்றாக வேலை செய்தது. கடையில் தூசி ஊதினேன், மாமனாரின் மோட்டார் ரூமில் சிலந்திக்கூடு ஊதினேன், மாமியாரின் அடுப்புச் சாம்பலை ஊதி அடுப்பங்கரை முழுக்கப் பரப்பித் திட்டும் வாங்கினேன். மூன்றில் ஒன்று உருப்படியாக இருந்துவிட்டால் மற்ற இரண்டின் பாவமும் கழிந்துவிடும் என்று நம்புகிற வயசு. பைக் பெட்டியில் அதை மட்டும் எப்போதும் வைத்துக்கொண்டு சுற்றினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தீமிதியில் யார் யார் என்ன செய்வது என்று பரம்பரை பரம்பரையாக முறை உண்டு. ஒரு வீடு கரகம் ஜோடிக்கும். ஒரு வீடு கொடி மரம் கொண்டு வரும். தீ வளர்க்கிற முறை என் மாமனார் வீட்டுக்கு. விடியற்காலையில் கட்டை அடுக்கி, கொளுத்தி, அது எரிந்து தணிந்ததும் கங்கைக் கிளறிச் சமமாகப் பரப்பி, காப்புக் கட்டியவர்கள் ஆற்றங்கரையிலிருந்து கரகத்தோடு வந்து சேரும்போது குழி தகதகவென்று இருக்க வேண்டும். முந்தின வருஷம் கட்டை சரியில்லாமல் கங்கு சீக்கிரமே அவிந்துவிட்டது. அதை வைத்து மாமனாரின் பங்காளி ஏகாம்பரம் ஊர்க்கூட்டத்தில் பிடித்துக்கொண்டார்.

"போன வருசம் நாம தீயா மிதிச்சோம்? அந்த நெருப்புல கைக்கொழந்தைய படுக்க வெச்சிருக்கலாம். இந்த வருசமும் அதே கதின்னா, முறைய எங்க வூட்டுக்கு வுட்ருங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஊரும் சரி என்றது.

ஏகாம்பரம் கோமதிக்குச் சித்தப்பா முறை. நல்ல ஆகிருதி. வாய் அதைவிடப் பெரிது. ஆனால் பாவம், வருஷா வருஷம் தீமிதி சமயத்தில் அவருக்குக் கால் வலி வந்துவிடும். முட்டியில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். திருவிழா முடிந்த மறுநாள் வலி போய்விடும்.

மாமனார் அந்த ஒரு மாதமும் சரியாகச் சாப்பிடவில்லை. கல்வராயன் மலைமேல் கரியாலூர் வரைக்கும் போய், தெரிந்தவர்களிடம் சொல்லி, காய்ந்த புளியங்கட்டையாகப் பார்த்து இறக்கினார். கோமதி என்னிடம் தனியாகச் சொன்னாள்: "இந்த முறை கை மாறிச்சுன்னா எங்கப்பா மறுபடி கோயில் பக்கம் வர மாட்டாருங்க. அவங்கப்பா செஞ்சது, அவங்க தாத்தா செஞ்சது. சொத்த எழுதிக் கேட்டாகூட குடுத்துடுவாரு, இத குடுக்க மாட்டாரு." சொல்லும்போது அவள் கண் கலங்கியது. என் மாமனாருக்காக எதையாவது செய்ய வேண்டும் என்று நான் மனதார நினைத்த நாள் அது. நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

தீமிதி அன்றைக்குக் காலையில் படுகளம். களிமண்ணில் துரியோதனனை ஒரு லாரி நீளத்துக்குப் படுக்க வைத்த கோலத்தில் செய்து, பீமன் வேஷம் கட்டினவர் வந்து தொடையில் அடித்துக் கதையை முடிப்பார். அது முடிந்தது. துரியோதனன் திடலிலேயே கிடந்தார். அவருக்குக் கொஞ்சம் தள்ளி தீக்குழி. அதன் கோடியில், மிதித்து வருகிறவர்கள் கால் நனைக்கப் பால்குழி. மதியத்துக்கெல்லாம் கங்கு அருமையாக விழுந்துவிட்டது. மாமனார் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

சாயங்காலம் மலைமேல் கறுத்தது. அடுத்த நிமிஷம் கொட்டு கொட்டென்று கொட்டியது.

தகரம் போட்டு மூடினார்கள். தகரம் பாதிக் குழிக்குத்தான் எட்டியது. மழை வந்த வேகத்தில் நின்றும்விட்டது. ஆனால் குழியைத் திறந்தால் மேலே கறுப்பாகச் சாம்பல் சேறு. அடியில் கங்கு உயிரோடுதான் இருந்தது. மேலே தெரிந்தால்தானே? நாலைந்து பேர் முறத்தை எடுத்து வீசத் தொடங்கினார்கள். ஆற்றங்கரையில் பம்பைச் சத்தம் கிளம்பிவிட்டது. கரகம் புறப்பட்டாயிற்று.

ஏகாம்பரம் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் நன்றாகப் பார்க்க வேண்டுமே! துரியோதனன் தொடைக்கும் தீக்குழிக்கும் நடுவே போட்டு, கால்மேல் கால் போட்டு (வலிக்கிற கால் மேலே) உட்கார்ந்தார்.

"இன்னாண்ணே, இந்த வருசம் சேறு மிதிக்கவா?" என்றார்.

மாமனார் இன்னும் வேகமாக முறத்தை வீசிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் சாம்பல் சேறு அவர் முகத்தில்தான் தெறித்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஓடினேன். பைக் பெட்டியைத் திறந்தேன். ப்ளோயரோடு திரும்பி வந்தேன்.

"மாமா, தள்ளிக்கோங்க. நான் பாத்துக்கறேன்."

மாமனார் ப்ளோயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஹாலில் இருக்கும் ஆள் உயரப் போட்டோ அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"வாணாம் மாப்ள. மொறத்தாலயே வீசிக்கலாம்."

"மொறத்தால எப்ப ஆவறது? கரகம் வந்துக்கினு இருக்கு!"

ஏகாம்பரம் நடுவில் புகுந்தார். "வுடுண்ணே. மாப்ள ஆசையா மெஷினு கொண்டாந்திருக்காரு. ஊதட்டும். ஊதி அணைக்கட்டும்." நாலு பேர் சிரித்தார்கள். அதற்குமேல் மாமனாரால் மறுக்க முடியவில்லை.

ப்ளோயரின் வயர் என் கை நீளம்தான் இருக்கும் (விலை குறைந்த மெஷினில் முதலில் குறைவது வயர்தான்). மைக்செட் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒட்டு வயர் இழுத்து வந்தோம். பிளக் சாக்கெட்டில் நிற்காமல் ஆடியது. தீக்குச்சி செருகி இறுக்கினேன். பட்டனை அழுத்தினேன். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாமே என்று பக்கத்தில் இருந்த லாக்கையும் போட்டேன்.

அடடா! என்ன காற்று! சாம்பல் அப்படியே விலகியது. அடியிலிருந்து கங்கு கண் விழித்தது. நான் நடக்க நடக்க, எனக்கு முன்னால் குழி சிவந்துகொண்டே போனது. "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூட்டம் கத்தியது. மாமனார் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்க்கவில்லை. கோமதி பெண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, அக்கம்பக்கத்தில் என்னைக் காட்டிக் காட்டிப் பேசினாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. கரகம் திடலுக்குள் நுழைவதற்குள் குழி முழுவதையும் சிவக்க வைத்துவிட வேண்டும் என்று, வேகத்தைக் கூட்டுகிற திருகை இரண்டிலிருந்து ஒரேயடியாக ஆறுக்குத் திருப்பினேன்.

திருகு கையோடு வந்துவிட்டது.

பரவாயில்லை என்று நினைத்தேன். திருகு இல்லாவிட்டால் என்ன, காற்று வருகிறதே. காற்று வந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு காற்றை நான் பார்த்ததில்லை. மெஷின் என்னைப் பின்னால் தள்ளியது. அதே நேரத்தில் முன்னால் இருந்த பிளாஸ்டிக் குழாய் கங்குச் சூட்டில் இளகி, வெயிலில் வைத்த வெண்டைக்காய் மாதிரி தொங்கி, பிறகு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. நான் குழியைப் பார்த்து நிற்கிறேன். காற்று முக்கியஸ்தர்கள் வரிசையைப் பார்த்துப் போகிறது.

முதலில் சாம்பல் போனது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் ஒரே நொடியில் சாம்பல் நிறம் ஆனார்கள். சிலர் அதை அம்மன் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். அடுத்ததாகப் பொறி போனது. சாமியானாவில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்து, உள்ளிருந்தே வானம் தெரிந்தது. கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணைத் திறந்து ஓடினார்கள்.

நான் லாக்கை அமுக்கினேன். உள்ளே போன லாக் வெளியே வரவில்லை. பட்டனைப் பிடித்து இழுத்தேன். பட்டன் இருந்த இடத்தில் இளகிய பிளாஸ்டிக்தான் இருந்தது. "யாராவது கரெண்ட நிறுத்துங்க!" என்று கத்தினேன். மைக்செட்காரர் கரகம் பார்க்கப் போய்விட்டார். யாரையாவது கூப்பிடலாம் என்று நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றும் கூடவே திரும்பியது. அந்தப் பக்கத்து ஜனம் அலறிக்கொண்டு சிதறியது. திருப்பித் திருப்பி ஊரையே துரத்தினேன் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் துரத்தவில்லை. உதவி கேட்டேன்.

அப்படி ஒரு திருப்பத்தில்தான் ஏகாம்பரம் காற்றுக்கு நேராக அகப்பட்டார்.

அவர் தோளில் கிடந்த துண்டில் ஒரு பொறி விழுந்தது. "ஐயோ! ஐயோ!" என்று துண்டை உதறி எறிந்துவிட்டு நாற்காலியோடு எழுந்தார். ஓட வேண்டும். எங்கே ஓடுவது? ஒரு பக்கம் நான். ஒரு பக்கம் கவிழ்ந்து கிடந்த நாற்காலிகள். பின்னால் துரியோதனன், முன்னால் திரௌபதியின் தீக்குழி. துரியோதனன் மேல் ஏறப் பார்த்தார். மழையில் நனைந்த களிமண், வழுக்கிவிட்டது. அதற்குள் நான், "மாமா, இருங்க, இருங்க!" என்று அவருக்கு உதவப் போனேன். நான் போனால் காற்றும் போகுமே!

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். தீக்குழியைப் பார்த்தார். இரண்டில் எது தேவலை என்று முடிவு செய்தார்.

கால் வலிக்காரர் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, முழுக்குழியையும் நீளவாக்கில் கடந்து, கோடியிலிருந்த பால்குழியில் தொப்பென்று விழுந்தார். முட்டியில் சுற்றியிருந்த துணி மட்டும் நடுக்குழியில் கிடந்து எரிந்தது.

சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. மாமனார் நடந்தே போய் ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார். என் கையில் ப்ளோயர் ஒரு தடவை இருமிவிட்டு, கருகின நாற்றத்தோடு உயிரை விட்டது. ஊரே பால்குழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் அன்றோடு தொலைந்தேன் என்றே நினைத்தேன். மாமனாரின் முறை போயிற்று, என் கல்யாணமும் போயிற்று. கோமதியின் முகத்தைப் பார்க்கப் பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது ஏகாம்பரத்தின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று ப்ளோயரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அம்மன் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"ஆத்தா! கடைசில வாங்கிக்கினியா! போர் போட்டு தண்ணி வந்தா தீ மிதிக்கறேன்னு வேண்டிக்கினாரு, தண்ணியும் குடுத்த. கால் வலி, கால் வலின்னு வருசா வருசம் உன்ன ஏமாத்திக்கினு இருந்தாரே! நீயே இழுத்துக்கினியா தாயே!"

அதுவரைக்கும் யாருக்கும் தெரியாத சேதி அது. பிறகு எழும்பியது பாருங்கள் ஒரு "கோவிந்தா!" மலை மேலே கேட்டிருக்கும். பூசாரி கெட்டிக்காரர். ஓடிப்போய் ஏகாம்பரத்தின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துவிட்டார். விரதம் இருக்காமல், காப்புக் கட்டாமல், மத்தியானம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு (பிற்பாடு அவர் மனைவியே சொன்னது) தீ மிதித்த முதல் ஆள் அந்த ஊரில் அவர்தான்.

பாலில் உட்கார்ந்தபடி ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் என்ன சொல்வது? மாப்பிள்ளை துரத்தினான், அதனால் ஓடினேன் என்றால் அம்மன் கூப்பிடவில்லை என்று ஆகும். வேண்டுதலும் பாக்கி நிற்கும், மறுபடி மிதிக்க வேண்டும். முகத்தில் வழிந்த பாலைத் துடைத்தார். பிறகு கையை மேலே தூக்கி, கரகரத்த குரலில், "ஆத்தா கூப்டா. போனேன்" என்றார். நாலு பெண்கள் அவர் காலில் விழுந்தார்கள்.

அதே நேரம் கரகம் திடலுக்குள் வந்தது. குழி ஒரு மூலை பாக்கியில்லாமல் செக்கச்செவேலென்று இருந்தது. மிதித்து வந்த அத்தனை பேரும், இப்படி ஒரு தீயை இந்தத் திடலில் பார்த்ததே இல்லை என்றார்கள். தீ சரியில்லை, முறையை மாற்று என்று கேட்க வேண்டிய ஒரே ஆள், மாலையும் கழுத்துமாக, காலில் இரண்டு கொப்புளத்தோடு பூசாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தீ சுடவில்லை என்று அவர் எப்படிச் சொல்லுவார்? முறை மாமனார் வீட்டிலேயே நின்றது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

கூட்டம் கலைந்த பிறகு மாமனார் என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகம் முழுக்கச் சாம்பல். கண் மட்டும் ஈரமாக இருந்தது. என் கையிலிருந்த ப்ளோயரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ள, இத நிறுத்தறதுக்கு வேற மெஷினு தனியா விக்கிறானா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து கோமதியே பார்த்ததில்லையாம்.

அதற்காக என்னை மன்னித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். செத்த ப்ளோயர் கோயில் உக்கிராண அறையில் முறங்களோடு சேர்ந்து தொங்குகிறது. வருஷா வருஷம் முறத்துக்குப் பொட்டு வைக்கும்போது பூசாரி அதற்கும் ஒரு பொட்டு வைக்கிறார். தீமிதி அன்றைக்கு மைக்கில், "பக்தர்கள் கவனத்துக்கு, மாப்பிள்ளை வந்திருந்தால் கயிற்றுக்கு வெளியே நிற்கவும்" என்று அறிவிப்பு வரும். எந்த மாப்பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் அதே கதைதான். விலை குறைவு என்று ஒரு மிக்சியைக் காட்டினால் போதும், கோமதி மிக்சியைப் பார்க்கவே மாட்டாள். "எல்லாம் ஒரே பேக்டரிதான? அப்ப சித்தப்பாவ வேட்டிய மடிச்சிக் கட்டிக்கச் சொல்லிடவா?" என்பாள். என் மகளுக்குப் பேச்சு வந்ததும் அவளும் இதைக் கற்றுக்கொண்டாள்.

போன திருவிழாவுக்கு முன்னால் ஒரு நாள் ஏகாம்பரம் என் கடைக்கு வந்தார். இப்போது அவர் ஊரில் பெரிய பக்தர். வருஷா வருஷம் முறையாகக் காப்புக் கட்டி மிதிக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, அந்த மெஷினு மாதிரி இன்னொன்னு வாங்கு. துட்டு நான் தரேன்."

என் பழியைத் துடைக்க ஒரு வழி காட்டுகிறார் என்று நினைத்தேன். "நல்ல கம்பெனியா பாத்து வாங்கிடறேன் மாமா" என்றேன்.

பதறிவிட்டார். "ஐயையோ, கம்பெனி மெஷினு வாணாம் மாப்ள! அது நாம காட்ற பக்கம்தான் ஊதும். அதே செவப்பு சூட்கேசு வாங்கு." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "எம் புள்ள, கவர்மெண்டு வேலை கெடைச்சா தீ மிதிக்கறேன்னு வேண்டிக்கினான். வேலை கெடைச்சி எவ்ளோ நாளாச்சு! திருவிழா வந்தா டூட்டி கீது, டூட்டி கீதுன்றான்."

அடுத்த பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி போனேன். சலீம் பாயிடம், அந்தச் சிவப்பு சூட்கேஸ் இன்னொன்று வேண்டும் என்றேன். பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தத் தடவ யாருப்பா மிதிக்கறா?" என்றார்.